எந்தப் பிளேயரை வாங்குவது? ஒரு கேள்வியின் வரலாறு

வீட்டுத் தொலைக்காட்சிக்கு இறுவட்டு பிளேயர் ஒன்றைத் தெரிவு செய்வது வரலாற்றுக் கட்டுரைக்குரிய விடயமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 2006 ஏப்ரல் தொடக்கம் 2008 பெப்ரவரி வரையான 22 மாத காலத்தில் உலகின் மிகப் பெரிய இலத்திரனியல் நிறுவனங்களும் ஹொலிவூட் படநிறுவனங்களும் இந்தச் சிறிய விடயத்துக்காகவே இரு அணிகளாகப் பிரிந்து நின்றன. கோடிக்கணக்கான டொலர்கள் செலவிடப்பட்டன. முடிவில் ஓர் அணி முற்றாகச் சரணடைந்தது. வென்ற அணியும் தனது வெற்றியின் பயனை நெடுங்காலம் அனுபவிக்கவில்லை. இடையில் அகப்பட்டவர், பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கிய சாதாரண வாடிக்கையாளரே.

அந்த நாட்களில் நான் பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்ந்த நண்பர்கள் தட்டையான பெரிய தொலைக்காட்சிகளை வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில், “புளூ ரேயா, எச்.டி. டிவிடியா, எதை வாங்குவது?” என்று அவர்கள் தொலைபேசியில் கேட்பதுண்டு. பொறுத்திருங்கள் என்பதே எனது பதிலாக இருந்தது. அதில் பெரிய மேதைமை ஏதுமில்லை. முன்னர் நடந்த ஒரு கதை என் நினைவில் இருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம்.

சொனி நிறுவனம் 1975 இல் பீற்றாமக்ஸ் ஒளிநாடா முறையை அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. ஒன்றின் கசெட் மற்றதன் இயந்திரத்தினுள் நுழையாது. படத்தின் தெளிவில் பீற்றாவே சிறந்தது என்று பலர் இன்றும் சொல்வர். ஆனால் தொடக்கத்தில் பீற்றா கசெட்டில் ஒரு மணித்தியாலமே பதிவு செய்ய முடிந்தது, வி.எச்.எஸ். இல் இரண்டு மணித்தியாலம் பதியலாம். ஒரு திரைப்படம் ஒரு மணித்தியாலத்தில் முடிவதில்லை. மேலும், ஜே.வி.சி. தனது முறையைப் பல நிறுவனங்களுக்கும் தாராளமாக வழங்கியதால் வி.எச்.எஸ். இயந்திரங்கள் மலிந்தன. அவை மலிந்ததால் கடைகளில் வி.எச்.எஸ். கசெட்டுகள் பெருகின. 1988 இல் சொனியே வி.எச்.எஸ். இயந்திரங்களைத் தயாரிக்க முன்வந்ததோடு அந்தப் போட்டி நடைமுறையில் முடிவுக்கு வந்தது.

1995 இல் அதே நிலைமை மீண்டும் தோன்றியது. சொனியும் பிலிப்ஸும் ஒருவகை இறுவட்டை முன்வைத்தன. தொஷிபாவும் ரைம் வார்னரும் வேறொன்றை முன்வைத்தன. அப்போது ஐ.பி.எம். உள்ளிட்ட கணினி நிறுவனங்கள் தலையிட்டு, இரண்டு வகைகளை ஏற்க முடியாது என்று உறுதியாக நின்றன. இரு தரப்பும் இணங்கின. அந்தச் சமரசத்தின் பிள்ளையே டிவிடி. 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த டிவிடி, சில ஆண்டுகளிலேயே ஒளிநாடாவை வீடுகளிலிருந்து வெளியேற்றியது. வாங்குபவர் எந்த முறை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. விலையை மட்டும் பார்த்தால் போதுமாயிருந்தது.

அப்படியானால் டிவிடியை விட்டு வேறொன்றுக்குச் செல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது? காரணம் தொலைக்காட்சிப் பெட்டி மாறியதே. ஐரோப்பிய முறையிலான டிவிடி படமொன்று 720 க்கு 576 புள்ளிகளைக் கொண்டது. மொத்தம் 4 இலட்சத்துச் சொச்சம். புதிய உயர்தெளிவுத் திரையோ 1920 க்கு 1080 புள்ளிகளைக் காட்ட வல்லது. மொத்தம் 20 இலட்சத்துக்கும் மேல். ஐந்து மடங்கு பெரிய வயலுக்குப் பழைய விதைநெல்லைத் தூவினால் பயிர் ஐதாகவே முளைக்கும். பெரிய திரையில் டிவிடி படமும் அவ்வாறே மங்கலாகத் தெரிந்தது.

அதிகப் புள்ளிகளைப் பதிய அதிக இடம் வேண்டும். டிவிடியை வாசிப்பது 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர். அதைவிடக் குறுகிய, 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஊதாக் கதிர் கிடைத்தால் அதே அளவு வட்டில் மிக நுண்ணிய தடங்களைப் பதிக்கலாம். தடித்த முனைப் பேனாவுக்குப் பதிலாகக் கூர்முனைப் பேனாவைப் பிடித்தால் ஒரே தாளில் அதிகம் எழுதலாம் என்பதைப் போன்றது இது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய ஷுஜி நகமுரா 1990களில் பிரகாசமான நீல ஒளி டயோட்டையும், தொடர்ந்து அந்நிற லேசரையும் உருவாக்கியதாலேயே இது சாத்தியமாயிற்று. நீல ஒளி டயோட்டுக்காக அவரும் அகசாகி, அமானோ ஆகிய இருவரும் 2014 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

கதிர் ஒன்றே. ஆனால் அதைப் பயன்படுத்தும் வழியில்தான் பிணக்கு எழுந்தது. 2002 பெப்ரவரியில் சொனி, பனசொனிக்கின் தாய் நிறுவனமான மற்சுஷிற்றா, பிலிப்ஸ், சம்சுங் உட்பட ஒன்பது நிறுவனங்கள் புளூ ரே முறையை அறிவித்தன. இதில் தரவுப் படலம் வட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருக்கும். ஒரு படலத்தில் 25 கிகாபைட் கொள்ளும். ஆனால் அதைத் தயாரிக்கப் புதிய இயந்திரங்கள் தேவை. அதே ஆண்டில் தொஷிபாவும் என்.ஈ.சி. நிறுவனமும் தமது மாற்று முறையை முன்வைத்தன. பின்னர் எச்.டி. டிவிடி என்று பெயர்பெற்ற அந்த முறையில் தரவுப் படலம் டிவிடியில் உள்ளவாறே 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் இருக்கும். கொள்ளளவு 15 கிகாபைட் மட்டுமே. ஆயினும் டிவிடி தொழிற்சாலைகளைச் சிறு மாற்றங்களுடன் அப்படியே பயன்படுத்தலாம். ஒன்று கொள்ளளவை நம்பியது, மற்றது மலிவை நம்பியது.

2005 இல் இரு அணிகளும் ஒன்றுபடப் பேச்சு நடத்தித் தோல்வி கண்டன. வட்டின் அமைப்பை விட்டுக்கொடுத்தால் அதனுடன் காப்புரிமையும், ஒவ்வொரு பிளேயருக்கும் ஒவ்வொரு வட்டுக்கும் வந்துசேரும் உரிமைப்பணமும் கையை விட்டுப் போகும். 1995 இல் நடுவராக நின்ற கணினி நிறுவனங்களும் இம்முறை பிளவுபட்டிருந்தன. மைக்ரோசொஃப்ட்டும் இன்ரெலும் தொஷிபாவின் பக்கம் நின்றன. அப்பிளும் டெல்லும் சொனியின் பக்கம் நின்றன. மத்தியஸ்தம் செய்ய எவரும் மிஞ்சவில்லை.

2006 ஏப்ரலில் தொஷிபாவின் முதலாவது பிளேயர் அமெரிக்கக் கடைகளுக்கு 499 டொலருக்கு வந்தது. அதன் உள்ளே கணினிக்குரிய பென்ரியம் 4 சில்லு ஒன்றே இருந்தது. இயங்கத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும். ஜூனில் சம்சுங் நிறுவனத்தின் புளூ ரே பிளேயர் 999 டொலருக்கு வந்தது. சரிபாதி விலை வித்தியாசம். சிக்கனமானவர் எதை எடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடையில் நின்றவர் விலையையும் படத்தின் தெளிவையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க, தீர்மானத்துக்குரிய விடயம் வேறிடத்தில் இருந்தது. படத்தைப் பொறுத்தவரை இரண்டும் 1080 வரிகளைக் கொண்டவை, ஒரே வகையான சுருக்க முறைகளைப் பயன்படுத்தியவை. வழமையான இருப்பறைத் தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. வேறுபாடு படங்களின் பட்டியலில்தான் இருந்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் படங்கள் எச்.டி. டிவிடியில் மட்டும் வரும். சொனி, டிஸ்னி, பொக்ஸ் ஆகியவற்றின் படங்கள் புளூ ரேயில் மட்டும் வரும். வார்னரும் பரமௌண்டும் இரண்டிலும் வெளியிட்டன. பொக்ஸ் போன்ற நிறுவனங்களைப் புளூ ரேயின் பக்கம் ஈர்த்த காரணங்களில் ஒன்று, படியெடுப்பதைத் தடுக்கும் மேலதிகப் பூட்டு அதில் இருந்தமையாகும். பார்வையாளருக்குச் சங்கிலியாக அமைந்தது படநிறுவனத்துக்குக் கவர்ச்சியாக அமைந்தது.

2006 நவம்பரில் சொனி தனது பிளேஸ்டேசன் 3 விளையாட்டு இயந்திரத்தினுள் புளூ ரேயைப் பொருத்தி 499, 599 டொலர் விலைகளில் வெளியிட்டது. ஒவ்வொன்றையும் தயாரிக்க ஆகும் செலவு விற்பனை விலையைவிட அதிகமாக இருந்தது. நட்டத்தைத் தாங்கிக்கொண்டே சொனி அதை விற்றது. நீல லேசர் தட்டுப்பாட்டால் ஐரோப்பிய விற்பனை 2007 மார்ச் வரை பிற்போடப்பட்டது. ஆனாலும் பிள்ளைகளின் விளையாட்டுக்காக வாங்கப்பட்ட இயந்திரம், எவரும் திட்டமிடாமலே புளூ ரே பிளேயராகவும் வீடுகளினுள் புகுந்தது. மைக்ரோசொஃப்ட்டோ எக்ஸ்பொக்ஸ் 360 க்கான எச்.டி. டிவிடி இயக்கியைத் தனியாக 199 டொலருக்கு விற்றது. தனியாக வாங்க வேண்டியதைச் சிலரே வாங்குவர். போரின் திசையைத் திருப்பியது இந்த ஒரு வேறுபாடே என்பது எனது கருத்து.

2007 ஆம் ஆண்டு முழுவதும் இழுபறியாகவே கழிந்தது. ஜனவரியில் எல்.ஜி. நிறுவனம் இரண்டு வகை வட்டுகளையும் இயக்கும் பிளேயரை 1,199 டொலருக்கு அறிமுகப்படுத்தியது. அந்த விலைக்கு இரு வேறு பிளேயர்களைத் தனித்தனியே வாங்கியிருக்கலாம். ஒரு பக்கத்தில் புளூ ரேயும் மறுபக்கத்தில் எச்.டி. டிவிடியும் கொண்ட வட்டொன்றை வார்னர் அறிவித்தது. அது கடைக்கு வரவேயில்லை. ஓகஸ்டில் பரமௌண்ட்டும் ட்ரீம்வேர்க்ஸ் அனிமேசனும் எச்.டி. டிவிடிக்கு மட்டும் என்று அறிவித்தன. இதற்காக 15 கோடி டொலர் பெறுமதியான சலுகைகள் வழங்கப்பட்டதாக நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. நவம்பர் தொடக்கத்தில் வோல்மார்ட் கடைகளில் தொஷிபா பிளேயர் ஒன்று 100 டொலருக்கும் குறைவாக விற்கப்பட்டது. மக்கள் வரிசையில் நின்று வாங்கினர்.

அந்த மலிவு விலையைப் பார்த்து நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “இனியும் பொறுக்க வேண்டுமா?” விலை ஏன் இவ்வளவு வேகமாக விழுகிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள் என்றேன்.

விடை இரண்டு மாதங்களில் வந்தது. 2008 ஜனவரி 4 ஆம் திகதி, லாஸ் வேகாஸ் இலத்திரனியல் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது, தனது படங்கள் இனிப் புளூ ரேயில் மட்டுமே வெளிவரும் என்று வார்னர் அறிவித்தது. 1995 இல் தொஷிபாவின் தோளோடு தோள் நின்ற அதே வார்னர். எச்.டி. டிவிடி அணி கண்காட்சியில் நடத்தவிருந்த நிகழ்ச்சியை இரத்துச் செய்தது. தொஷிபா விலைகளை மீண்டும் குறைத்துப் பார்த்தது. பயனில்லை. பெப்ரவரி 11 ஆம் திகதி நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பையும், 15 ஆம் திகதி வோல்மார்ட்டும் புளூ ரேயின் பக்கம் சாய்ந்தன. பெப்ரவரி 19 ஆம் திகதி தொஷிபாவின் தலைவர் அற்சுதோஷி நிஷிடா தோல்வியை ஒப்புக்கொண்டு தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார். போர்க்களத்தில் கடைசியாக நின்ற நிறுவனங்கள் ஆறு வாரங்களில் முடிவை எழுதிவிட்டன. எந்த வாடிக்கையாளரிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

உலகெங்கும் ஏறத்தாழ 10 இலட்சம் எச்.டி. டிவிடி இயந்திரங்கள் விற்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் புதிய படங்கள் வருவது நின்றது. பெஸ்ட் பை தனது வாடிக்கையாளர்களுக்கு 50 டொலர் பெறுமதியான பரிசு அட்டையை வழங்கியது. வென்ற அணியின் முதல் வாடிக்கையாளர்களும் முழு மகிழ்ச்சியுடன் இருந்திருக்க முடியாது. 2007 நவம்பருக்கு முன் தயாரான புளூ ரே பிளேயர்கள் பல, பின்னர் வந்த வட்டுகளிலிருந்த மேலதிக வசதிகளை இயக்க வல்லனவாக இருக்கவில்லை. ஆயிரம் டொலர் கொடுத்தவர் குறைந்ததையும், பின்னர் வந்து சில நூறு டொலர் கொடுத்தவர் நிறைந்ததையும் பெற்றனர்.

உலகெங்கும் சிதறி வாழும் தமிழருக்கு இந்த முடிவில் இன்னுமொரு சிக்கல் இருந்தது. எச்.டி. டிவிடியில் பிராந்தியப் பூட்டு இருக்கவில்லை. புளூ ரேயில் இருந்தது. கனடாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ பிராந்தியம். ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் பி. இலங்கையும் இந்தியாவும் சி. எல்லா வட்டுகளும் பூட்டப்பட்டவை அல்ல. ஆனால் பூட்டப்பட்டதாயின், இலண்டனில் அண்ணன் வாங்கிய வட்டு ரொறன்ரோவிலுள்ள தங்கையின் பிளேயரில் ஓடாது.

இது எமக்குப் புதிய அனுபவமும் அல்ல. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியோர் கொண்டுவந்த டெக்குகளும், ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து முற்றத்தில் அயலவரெல்லாம் கூடிப் பார்த்த படங்களும் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு நினைவிருக்கும். பின்னாளில் கனடாவிலிருந்து கலியாண வீட்டுக் கசெட்டுகள் ஊருக்கு வந்தன. வட அமெரிக்காவின் ஒளிபரப்பு முறை ஒன்று, ‘பால்’ எனப்படும் எமது முறை வேறொன்று. இரண்டையும் இயக்கும் டெக் இல்லாத வீட்டில் மகளின் திருமணம் கறுப்பு வெள்ளைக் கோடுகளாக உருண்டோடியது. எந்த இயந்திரம் எந்த நாட்டில் ஓடும் என்ற கேள்வி எங்கோ ஒரு நிறுவனத்தின் மேசையில் தீர்மானிக்கப்படுகிறது. அதன் விலையை உறவுகள் கொடுக்கின்றன.

2009 ஓகஸ்டில் தொஷிபாவே புளூ ரே அமைப்பில் இணைய விண்ணப்பித்தது. சரித்திரம் 1988 ஐ மீண்டும் எழுதியது போலிருந்தது, ஆட்கள் மட்டும் இடம் மாறியிருந்தனர். ஆனால் உண்மையான மாற்றம் எவரும் அதிகம் கவனியாத வேறொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இரு அணிகளும் உக்கிரமாக மோதிய 2007 ஜனவரியில், தபாலில் டிவிடி அனுப்பி வந்த நெட்ஃபிளிக்ஸ் இணையத்தினூடாகப் படங்களைக் காட்டத் தொடங்கியது. இதுவே கையால் தொடக்கூடிய கடைசி வடிவமாக இருக்கும் என்று பில் கேற்ஸ் 2005 இலேயே கருத்துத் தெரிவித்திருந்தார். 2016 இல் 4கே புளூ ரே வந்ததால் அவரது வாக்கு எழுத்தளவில் பொய்த்தது. பொருளளவில் பொய்க்கவில்லை. 2019 இல் சம்சுங் அமெரிக்கச் சந்தைக்கான புளூ ரே பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. 2023 செப்டெம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தனது தபால் சேவையை மூடியது. 2024 இல் பெஸ்ட் பை திரைப்பட வட்டுகளை விற்பதைக் கைவிட்டது. 2025 பெப்ரவரியில் சொனி பதிவு செய்யத்தக்க புளூ ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்று இளையோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் 2023 டிசம்பரில் பிளேஸ்டேசன் பாவனையாளர்களுக்கு ஓர் அறிவித்தல் வந்தது. அவர்கள் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் ஆண்டு முடிவுடன் அவர்களது சேமிப்பிலிருந்து அகற்றப்படும் என்பதே அது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அம்முடிவு மாற்றப்பட்டது. 2009 இல் அமேசன் தனது மின்நூல் கருவிகளிலிருந்து ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை வாசகர் அறியாமலே நீக்கியதும் பதிவாகியுள்ளது. பெறுவது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே என்றால் அதைத் தெளிவாகக் கூறாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்யக்கூடாது என 2024 இல் கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்றியது. தோற்ற அணியின் எச்.டி. டிவிடிப் பிளேயரை வைத்திருப்பவர்கூட, அது பழுதடையாதவரை, தனது பழைய படத்தைப் பார்க்கலாம். அதை இரவோடிரவாக எவரும் வந்து எடுத்துச் செல்ல முடியாது.

வட்டும் நிரந்தரமானதல்ல. 2006 க்கும் 2008 க்கும் இடையில் தயாரான தனது டிவிடிகளில் சில தாமாகவே பழுதடைவதை வார்னர் 2025 இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் இன்றும் ஒரு பிளேயரை வாங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 4கே வட்டுகளுக்குப் பிராந்தியப் பூட்டு இல்லை. ஆனால் அதே பிளேயரில் சாதாரண புளூ ரேயையும் டிவிடியையும் போடும்போது பூட்டு உண்டு. வட அமெரிக்காவில் விற்கப்படும் பிளேயர்கள் பல ‘பால்’ முறை வட்டுகளை இயக்குவதில்லை. இலங்கையிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த வட்டுகள் உங்களிடம் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள். படத்தின் தெளிவை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். இயந்திரங்களைத் தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. காந்த நாடாக்களில் உள்ள பதிவுகளை வழமையான முறையில் மீட்பது 2025 அளவில் கடினமாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019 இல் எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. உங்கள் அலுமாரியின் அடித்தட்டில் 1980களிலும் 1990களிலும் எடுத்த கசெட்டுகள் இருக்கும். ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு கோவில் திருவிழா, இன்று எம்மிடையே இல்லாதவர்கள் பந்தியில் அமர்ந்து உணவருந்தும் காட்சி. அவற்றுக்கு வேறு பிரதி எந்தக் கடையிலும் இல்லை, எந்த இணையத்தளத்திலும் இல்லை. இயங்கும் டெக் ஒன்று இன்னமும் கிடைக்கும்போதே அவற்றைப் படியெடுத்து, ஒரு பிரதியை உங்களிடமும் மற்றொன்றை வேறு நாட்டிலுள்ள உறவினரிடமும் வைத்துவிடுங்கள். புதிய பிளேயரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்.